இலையுதிர் மரத்தைப் போன்சாயாக வளர்த்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேப்பிள், எல்ம், ஜெல்கோவா, ஹார்ன்பீம், பீச் போன்ற இலையுதிர் மரங்களின் கன்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பல வருடங்களில் எப்படி ஒரு முழு மரத்தின் தோற்றத்துக்குக் கொண்டுவருவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை வருடம் ஆகும்?

விதையிலிருந்து தொடங்கினால் 15 முதல் 30 வருடம். ஏற்கெனவே பருத்த அடிமரம் உள்ள செடி கிடைத்தால் அதில் பாதி. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மரம்தான் வேண்டும் என்றால் இன்னும் குறையும்.

வருடக் கணக்கைவிட வேலையின் வரிசை முக்கியம். முதலில் வேர், அப்புறம் அடிமரம், அப்புறம் முதன்மைக் கிளைகள், கடைசியில் மிலாறுகள், அதாவது கிளைநுனிகளில் பிரியும் மெல்லிய குச்சிகள். அடிமரம் பருக்க வேண்டுமானால் மரத்தைத் தன் போக்கில் ஓடவிட வேண்டும், மெல்லிய மிலாறு வேண்டுமானால் அதையே அடக்கிவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மரத்தில் செய்தால் இரண்டுமே நடக்காது. பத்து வருடம் வளர்த்தும் பென்சில் தடிமனிலேயே நிற்கிற மரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன: அடி பருக்கும் முன்பே தட்டையான தொட்டிக்குப் போய், ஒவ்வொரு தளிரும் கிள்ளப்பட்டு, வளரவே வழியில்லாமல் போனவை.

எந்த மரத்தில் தொடங்கலாம்?

முதல் மரம் என்றால் மூவிலை மேப்பிள் (ட்ரைடன்ட் மேப்பிள்) அல்லது சீன எல்ம். மூவிலை மேப்பிளில் வெட்டுக்காயம் சீக்கிரம் மூடும், வேரை எவ்வளவு குறைத்தாலும் மறுபடி தள்ளிக்கொண்டு வரும், அடி வேகமாகப் பருக்கும். சீன எல்முக்கு இலை இயல்பாகவே சிறியது, வெட்டிய இடத்தைச் சுற்றிலும் துளிர்க்கும், வெப்பத்தையும் தாங்கும்.

ஜப்பானிய மேப்பிள் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் பெரிய வெட்டுக்களை அவ்வளவு எளிதில் ஆற்றிக்கொள்ளாது, வெட்டிய கிளை சில நேரம் கணுவைத் தாண்டிக் கீழேவரை காய்ந்துபோகும். பீச் பொதுவாக வருடத்துக்கு ஒரு முறைதான் துளிர்க்கும், அதனால் எல்லாமே மெதுவாக நடக்கும். ஒட்டுச்செடிகளை வாங்கும்போது மட்டும் யோசியுங்கள். அடியில் ஒட்டுக் கட்டிய இடம் வீங்கி, இரண்டு பட்டைகளும் இரண்டு நிறமாக இருந்தால், அது காலத்துக்கும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட செடி பிடித்துவிட்டது என்றால், ஒட்டுக்கு மேலே பதியன் போட்டு அதைத் தனி மரமாக எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

விதையா, போத்தா, பதியனா?

விதையில் உள்ள பெரிய வசதி, முதல் வருடத்திலேயே ஆணிவேரைக் கத்தரித்துவிட்டுப் பக்கவேர்களைச் சுற்றிலும் பரப்பிவிட முடியும். மேப்பிள் விதைகளை ஈரமான மணலோடு கலந்து குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் போல வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஒவ்வொரு நாற்றும் இலையிலும் நிறத்திலும் துளிர்க்கும் நேரத்திலும் கொஞ்சம் வேறுபடும். அதனால் நிறைய விதைத்துச் சிலவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு வைத்தால் தாய்மரத்தின் குணம் அப்படியே வரும், ஆணிவேர்த் தொல்லையும் இல்லை.

என் தேர்வு பதியன்தான். வளர்ந்த மரத்தில் நல்ல வளைவுள்ள ஒரு கிளையைப் பார்த்து, அதன் குறுக்களவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் தெரியும் பச்சைப் படலத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, மேல் விளிம்பைச் சுற்றி ஈரப்பாசி வைத்துக் கட்ட வேண்டும். பச்சைப் படலம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. இலைகள் முற்றிய பிறகு கட்டினால் மேப்பிள்களில் சுமார் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பாசியை நிரப்பிவிடும். எல்லா வேரும் ஒரே மட்டத்தில் சுற்றிலும் வருவதுதான் இதன் சிறப்பு. விதையிலிருந்து அந்த நிலைக்கு வரப் பல வருடம் ஆகும்.

அடிமரத்தை எப்படிப் பருக்கவைப்பது?

இலைகள்தான் மரத்தைக் கட்டுகின்றன. ஒரு கிளையில் எவ்வளவு இலை இருக்கிறதோ, அதற்குக் கீழே உள்ள தண்டு அவ்வளவு பருக்கும். அதனால் இந்தக் கட்டத்தில் கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. தரையில் நட்டு, இரண்டு மீட்டர் உயரம் போனாலும் விட்டுவிடுங்கள். தரை இல்லாதவர்கள் அகலமான, ஆழம் குறைந்த மரப்பெட்டியில் வளர்க்கலாம். துளையுள்ள கூடைகளும் நன்றாக வேலை செய்யும். வேர்நுனி துளைக்கு வந்து காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே நிறையக் கிளைவேர்கள் பிரியும்.

தண்டு ஒரே தடிமனில் கம்பம் மாதிரி ஏறினால் பருமன் இருந்தும் பயனில்லை. அடி பருத்து மேலே போகப்போகச் சிறுத்தால்தான் அது பெரிய மரமாகத் தெரியும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, கீழ்ப்பகுதியில் ஓரிரு கிளைகளை 'தியாகக் கிளை' என்று விட்டுவைப்பது. அவை மரத்தின் வடிவத்தில் சேராதவை, கீழ்த்தண்டைப் பருக்கவைப்பதற்காக மட்டும் ஓடவிட்டு, வேலை முடிந்ததும் வெட்டப்படுபவை. அவை பின்பக்கம் இருக்கட்டும், வடு முன்னால் தெரியாது. தண்டில் பாதித் தடிமனைத் தாண்டும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காயம் மூட வருடக்கணக்காகும். இன்னொரு வழி, தண்டையே வெட்டுவது.

தண்டை வெட்டுவது என்றால்? மரம் செத்துவிடாதா?

ஆரோக்கியமான இலையுதிர் மரம் பெரும்பாலும் சாகாது, வெட்டுக்குக் கீழே இருந்து துளிர்க்கும். பயப்பட வேண்டிய இடம் வேறு: எந்த உயரத்தில் வெட்டுகிறோம் என்பது. முடிவில் மரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முதல் வெட்டு. உயரம் அடிப்பருமனைப்போல் ஆறு மடங்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 45 செ.மீ. மரம் என்றால் அடி 7 அல்லது 8 செ.மீ., முதல் வெட்டு 15 செ.மீ. உயரத்துக்குள். இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கண் பழகும்வரை ஒரு துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேராக, கொஞ்சம் குச்சி மிச்சம் வைத்து வெட்டுங்கள். எந்தத் துளிர் எங்கே வரும், தண்டு எதுவரை காயும் என்பதெல்லாம் அந்தப் பருவத்தில்தான் தெரியும். நல்ல இடத்தில் வந்த துளிரைப் புதிய தலைவனாக, அதாவது இனி மேலே ஏறும் தண்டாக, தேர்ந்தெடுத்த பிறகு, அதற்குப் பின்புறமாகச் சரிவாக மறுபடி வெட்ட வேண்டும். பிறகு அந்தத் தலைவனை இரண்டு முதல் ஐந்து வருடம் தொடவே கூடாது. வெட்டிய இடத்தின் பருமனில் பாதிக்கு மேல் அது வந்துவிட்டால், அதையும் வெட்டி அடுத்த பகுதிக்குப் போகலாம். ஒவ்வொரு பகுதியும் கீழே உள்ளதைவிடக் குட்டையாக இருக்கட்டும், ஒவ்வொரு வெட்டிலும் திசை கொஞ்சம் மாறட்டும்.

குளிர்காலம் முடியும் தறுவாயில், மொட்டு வீங்கும் முன் வெட்டுவது பொதுவழக்கம். மேப்பிள்களில் அந்த நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து சாறு ஒழுகும். அதனால் பெரிய வெட்டுக்களை வசந்தத் தளிர் முற்றிய பிறகு, கோடைத் தொடக்கத்தில் செய்ய விரும்புகிறேன். காயமும் அப்போதுதான் சீக்கிரம் உருண்டு மூடத் தொடங்கும்.

வேருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

கிளை தவறாகப் போனால் வேறு கிளை வளர்க்கலாம், தண்டையும் மறுபடி வெட்டலாம். வேர்க்கழுத்து ஒருபக்கமாகவோ, இரண்டு தடி வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இருபது வருடம் ஆகிவிட்டால் அதைச் சரிசெய்ய வழி மிகக் குறைவு. ஜப்பானியர்கள் நெபாரி என்று சொல்கிற, மண்மேல் சுற்றிலும் விரிந்து தெரியும் வேர்ப்பரப்புதான் மரம் நிலத்தைப் பிடித்து நிற்கிறது என்ற உணர்வைக் கொடுக்கிறது. இலையுதிர் மரங்களில், குறிப்பாக மூவிலை மேப்பிளில், இந்த வேர்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே தட்டாகவே ஆகிவிடும்.

வேலை எளிமையானது. வளர்க்கும் காலத்தில் வருடம் ஒருமுறை அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மொட்டுகள் வீங்கி இன்னும் விரியாத அந்தச் சில நாட்களில், மரத்தை எடுத்து மண்ணை உதறுங்கள். நேராகக் கீழே போகும் வேர்களை அடியோடு வெட்டுங்கள். தடித்த வேரைக் குட்டையாக வெட்டி, மெல்லிய வேரை நீளமாக விடுங்கள். தடித்தது பிரிந்து மெலியும், மெல்லியது ஓடிப் பருக்கும், சில வருடத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும். அடியில் ஓடு அல்லது பலகை வைத்து நட்டால் வேர் பக்கவாட்டில்தான் போக முடியும். சிலர் தண்டின் அடியைப் பலகையோடு திருகாணியால் இறுக்கி, ஒவ்வொரு வேரையும் ஆணிகளுக்கு இடையே திசைகாட்டி வைப்பார்கள். பொறுமை உள்ளவர்கள் செய்து பாருங்கள், பலன் கண்கூடாகத் தெரியும்.

ஒரு பக்கம் வேரே இல்லையென்றால், அதே இனத்து நாற்றை அந்த இடத்தில் ஒட்டுக் கட்டலாம். நாற்றின் தண்டும் அடிமரமும் சேர்ந்த பிறகு நாற்றின் மேல்பகுதியை வெட்டிவிட்டால், அதன் வேர் இந்த மரத்தின் வேராகிவிடும்.

வேர் வெட்டிய மரத்தைக் கம்பியால் தொட்டியோடு அசையாமல் கட்டுங்கள், உறைபனியும் பலமான காற்றும் படாமல் வையுங்கள்.

கிளைகளை எப்போது தேர்ந்தெடுப்பது?

தண்டின் பருமன் போதும் என்று ஆன பிறகு. அதற்கு முன் வந்த கிளைகள் பெரும்பாலும் தியாகக் கிளைகளாகவே போய்விடும்.

முதன்மைக் கிளைக்கும் தண்டுக்குச் சொன்ன அதே முறைதான், அளவு மட்டும் சிறியது. நீளமாக ஓடவிட்டு வேண்டிய தடிமன் வந்ததும் முதல் கணுவுக்கோ இரண்டாம் கணுவுக்கோ குறைக்க வேண்டும். அங்கிருந்து பிரியும் இரண்டை மறுபடி ஓடவிட்டு மறுபடி குறைக்க வேண்டும். தென்சீனாவின் லிங்னான் பாணி முழுக்க இந்த 'வளர்த்து வெட்டும்' முறையில் உருவானது. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு சின்னத் திருப்பம் விழுவதால், கம்பியால் கொண்டுவர முடியாத இயல்பான கோணங்கள் வரும்.

மேல்கிளைகள் எப்போதும் கீழ்க்கிளைகளைவிட வேகமாகப் பருக்கும். அதனால் கீழ்க்கிளைகளை முதலில் ஓடவிடுங்கள், மேலே இருப்பவற்றை அடிக்கடி குறையுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் சில வருடத்தில் தலை கனத்து அடிக்கிளைகள் காய்ந்துபோகும்.

ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பவும் விடாதீர்கள். அந்த இடம் வீங்கி, கீழே உள்ள தண்டைவிடத் தடித்துவிடும். மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிராக வருவதால் இது அடிக்கடி நடக்கும். இளசாக இருக்கும்போதே இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி எடுத்தால் போதும்.

கம்பி சுற்ற வேண்டுமா?

முதல் வளைவுக்குச் சுற்றுங்கள், மற்றதைக் கத்தரிப்பு பார்த்துக்கொள்ளும். மென்மையான அலுமினியக் கம்பி, கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போல. பச்சைத்தண்டு மரமாக மாறத் தொடங்கும் நேரத்தில் கிளை சொன்னபடி வளையும், சில வாரங்களில் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

தளிர் ஓடும் பருவத்தில் வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மேப்பிள், பீச் போன்ற வழவழப்பான பட்டையில் கம்பித்தடம் பதிந்தால் பல வருடம் போகாது. கழற்றும்போது திருப்பிச் சுற்றாமல் துண்டுதுண்டாக நறுக்கி எடுங்கள்.

வெட்டுக்காயம் மூடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

காயம் மூடுவது பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலத்தால். அது விளிம்பிலிருந்து உருண்டு உள்ளே வரும். அந்த விளிம்புக்கு உணவு கொடுக்கும் வளர்ச்சி பக்கத்தில் இருந்தால்தான் உருளும். அதனால் பெரிய வெட்டுக்கள் எல்லாவற்றையும் மரம் தரையிலோ பெரிய பெட்டியிலோ ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். சின்னத் தொட்டிக்குப் போன பிறகு செய்த பெரிய வெட்டு மூடாமலே நின்றுவிடலாம்.

குழிவாய்க் கத்தரியால் கொஞ்சம் உள்வாங்கினாற்போல் வெட்டுங்கள், அப்போதுதான் மூடிய பிறகு மேடு தட்டாது. விளிம்பைக் கூர்மையான கத்தியால் சீவி, காயப்பசை பூசுங்கள். பாதியில் நின்றுபோன காயத்தின் விளிம்பை வளரும் பருவத்தில் லேசாகச் சீவிவிட்டால் மறுபடி நகரத் தொடங்கும். ஜூனிப்பர் என்ற கூம்புமரத்தில் செய்வதுபோல் காய்ந்த மரக்கட்டையை அலங்காரமாக விட்டுவைப்பது இந்த இனங்கள் பலவற்றுக்குச் சரிப்படாது, மரம் மென்மையானது, சில வருடத்தில் மக்கிவிடும்.

மெல்லிய மிலாறுகள் எப்படி வரும்?

இப்போதுதான் ஓட்டத்தை அடக்கும் காலம். முதல் சில வருடம் தளிரை ஐந்தாறு இலைவரை விட்டு, இலை முற்றியதும் ஒரு ஜோடிக்குக் குறையுங்கள். ஒரு வருடத்தில் இது இரண்டு மூன்று முறை நடக்கும், ஒவ்வொரு முறையும் ஒன்று இரண்டாகும். பலர் இந்தக் கட்டத்தில் வேலிச்செடியை வெட்டுவதுபோல் மரத்தின் வெளிவிளிம்பை மொத்தமாகச் சீவிவிட்டு, குளிர்காலத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதுவும் நல்ல முறைதான், மரத்தின் பலம் குறையாது.

தளிர் விரியும்போதே நடுமொட்டைச் சாமணத்தால் கிள்ளுவது ஏறக்குறைய முடிந்துவிட்ட மரத்துக்கு மட்டும். கணுவிடை குட்டையாகும், கூடவே மரமும் சோரும். வளரும் மரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

இலையுரிப்பு பற்றியும் கேட்பார்கள். கோடைத் தொடக்கத்தில், காம்பை விட்டுவிட்டு இலைகளை வெட்டினால் புது இலை சிறியதாக வரும், உள்ளே வெளிச்சம் போகும். முழு உரிப்பைவிடப் பகுதி உரிப்பையே எல்லோருக்கும் சொல்வேன்: வெளிப்புறத்தில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு இலையை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பலவீனமான மிலாறுகளின் இலைகளைத் தொடாமல் விடுவது. அந்த வருடம் வேர் வெட்டிய மரத்துக்கும், நோயுற்ற மரத்துக்கும், பீச்சுக்கும் முழு உரிப்பு கூடவே கூடாது.

இலை பெரிதாக இருக்கிறதே?

இப்போது கவலை வேண்டாம். மிலாறுகள் நூற்றுக்கணக்கில் பிரிந்ததும் இலை தானாகச் சிறுக்கும்.

உரம்?

பருக்கவைக்கும் காலத்தில் மொட்டு விரிந்ததிலிருந்து இலை நிறம் மாறும்வரை தாராளமாக. மிலாறு கட்டும் காலத்தில் வசந்தத்தில் நிறுத்திவைத்து, முதல் இலைகள் முற்றிய பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால் கணுவிடை நீண்டுவிடும், நீண்ட கணுவிடையை வெட்டித்தான் திருத்த முடியும். இலையுதிர்காலத்து உரத்தை மட்டும் எந்தக் கட்டத்திலும் விடாதீர்கள், அடுத்த வசந்தத்தின் முதல் தளிர் அந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகிறது.

மண்?

2 முதல் 6 மி.மீ. வரையிலான குருணை. அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணை, பியூமிஸ் என்ற நுரைக்கல், எரிமலைக்கல் எல்லாம் பயன்படும். தூளைச் சல்லடையில் சலித்துத் தள்ளிவிடுங்கள், தண்ணீர் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். தண்ணீரோடு காற்றும் வேருக்குப் போக வேண்டும், இது மட்டும்தான் விஷயம்.

வீட்டுக்குள் வைக்கலாமா? குளிரே இல்லாத இடத்தில்?

வீட்டுக்குள் வேண்டாம். மேப்பிள், பீச், ஹார்ன்பீம் எல்லாம் குளிர் உறக்கத்தை நம்பி வாழ்பவை. 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர் பல வாரங்கள் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்கில்லாமல் விரிந்து, மரம் வருடத்துக்கு வருடம் இளைத்துவிடும். அதேசமயம் தொட்டியில் உள்ள வேர், தரையில் உள்ள வேர் அளவுக்குக் கடும் உறைபனியைத் தாங்காது, அந்த நாட்களில் தொட்டியைத் தரையில் இறக்கிச் சருகால் மூடிவையுங்கள்.

வெப்பமான இடத்தில் மேப்பிளோடு போராடாதீர்கள். சீன எல்ம் அங்கே ஏறக்குறையப் பசுமைமாறாமலே வாழும். வறட்சியில் இலை உதிர்க்கும் அரசு, பெருக்கமரம் (பாவோபாப்) போன்றவை உண்டு. அவற்றுக்கும் வேர், அடி, கிளை, மிலாறு என்ற வரிசை அப்படியே பொருந்தும். வேர்வேலையை மட்டும் புதுத்துளிர் அசையும் வெப்பமான பருவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது நல்ல தொட்டிக்கு மாற்றலாம், எப்போது மரம் முடிந்தது என்று சொல்லலாம்?

பெரிய வெட்டுக்கள் மூடி, முதன்மைக் கிளைகளின் தடிமன் போதும் என்று ஆன பிறகு தொட்டிக்குப் போகலாம். தட்டையான தொட்டி வளர்ச்சியை மெதுவாக்கும், அதுவரை வளர்த்ததை அங்கே காப்பாற்றத்தான் முடியும்.

மதிப்பிட வேண்டிய பருவம் இலையற்ற குளிர்காலம். ஜப்பானின் பெரிய கண்காட்சியான கொகுஃபு, 1934-இல் டோக்கியோவில் தொடங்கியது, இப்போது பிப்ரவரியில் நடக்கிறது. இலையுதிர் மரங்கள் அங்கே வெறுங்கிளைகளோடுதான் நிற்கும். இலை இருக்கும்போது மறைந்திருந்த தடித்த நுனியும், குறுக்கே போகும் கிளையும், மூடாத காயமும் அப்போது தப்பாது. நீங்களும் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துவைத்து, அதன்மேல் கோடு போட்டு அடுத்த வருட வெட்டுக்களை முடிவுசெய்யுங்கள். மரத்தின் முன்னால் கத்தரியோடு நின்று முடிவு செய்வதைவிட இது பாதுகாப்பானது.

முடிந்தது என்று ஒரு நிலை கிடையாது. பல வருடம் ஒரே இடத்தில் வெட்டிய மிலாறுகள் முடிச்சுமுடிச்சாகத் தடித்துவிடும். அப்போது அவற்றை உள்ளே இருக்கும் மெல்லிய கிளைவரை குறைத்து, அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் செய்யாமல், வருடத்துக்கு ஒன்றிரண்டு கிளையாகச் செய்தால் மரத்தின் உருவம் கெடாது.